வெயிலில் உட்காரும் தவளை: சாக்கோ காட்டு மெழுகுத் தவளையைப் பற்றிப் பேசுவோம்

நீர்க்கோழி:

தவளை என்றாலே ஈரத் தோல், குளத்தங்கரை, மழை. இந்த மூன்றும் இல்லாத நேரத்திலும் மரக்கிளையில் வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்கும் தவளை ஒன்று உண்டு. தமிழில் இதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு, அதனால்தான் இந்த இழை. அறிவியல் பெயர் ஃபில்லோமெடுசா சவாஜி. 1882இல் லண்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ஜார்ஜ் ஆல்பர்ட் பூலஞ்சர் இதை விவரித்துப் பெயர் வைத்தார்.

ஊர் கிரான் சாக்கோ. அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா மூன்றிலும் பரவி, பிரேசிலின் ஓரத்தையும் தொடும் பெரிய சமவெளி. தென் அமெரிக்காவில் அமேசானுக்கு அடுத்த பெரிய காடு இதுதான். முள்மரங்கள், கள்ளிகள், இரும்பு மாதிரி கெட்டியான குவெப்ராச்சோ மரங்கள். அங்கே அல்கரோபோ என்று சொல்லும் மரம் நம் சீமைக்கருவேலத்துக்குச் சொந்தக்கார மரம், அதனால் ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் அந்தக் காட்டை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். வெயிலும் அதற்குச் சளைத்ததில்லை. அர்ஜென்டினாப் பக்கத்துச் சாக்கோவில் ரிவடாவியா என்ற ஊரில் 1905 டிசம்பரில் 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. தென் அமெரிக்கக் கண்டத்திலேயே பதிவான உச்ச வெப்பம் அது. மழை கோடையில் சில மாதம் கொட்டும், மற்ற மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கும்.

இந்த இடத்தில் ஒரு தவளை எப்படிப் பிழைக்கிறது? தன் உடம்பில் ஊறும் மெழுகைத் தானே பூசிக்கொள்கிறது. தோலெங்கும் நுண்ணிய கொழுப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து மெழுகுப் பசை கசிந்ததும் தவளை வேலையைத் தொடங்கும். முன்கையை மடக்கித் தலை, கழுத்து, தொண்டை என்று தடவும். அப்புறம் பின்காலைத் தூக்கி முதுகின் மேல் இழுத்து, விலாவில் இறக்கி, வயிற்றோரம் வரை தேய்க்கும். ஒரு காலைத் தேய்க்க மற்றொரு கால். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். அவசரமே இல்லை, ஓர் இடமும் விட்டுப்போவதில்லை. முடிந்ததும் கைகால்களை உடம்புக்குக் கீழே மடக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, கிளையோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். அதன் பிறகு பகல் முழுக்க அசைவே இருக்காது. மெழுகு காய்ந்து தோல் பளபளவென்று, பிளாஸ்டிக்கில் வார்த்தது போல் இருக்கும்.

இணையத்தில் தேடினால் இந்தத் தவளையைப் பற்றி வருவதெல்லாம் போதை, விஷம், குதிரைப் பந்தயம். அதையும் பேசலாம், ஆனால் என்னைப் பொறுத்தவரை இதன் பெரிய அதிசயம் தண்ணீர்க் கணக்குதான்.

பொன்வண்டு:

அருமை. ஒரு சந்தேகம். தவளை தோல் வழியாக மூச்சு விடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தோல் முழுக்க மெழுகு பூசினால் மூச்சு முட்டாதா? அப்புறம், தோல் வழியாகத்தான் தண்ணீரும் குடிக்கும் என்பார்களே?

நீர்க்கோழி:

நல்ல கேள்வி. தவளைகளுக்கு நுரையீரல் உண்டு. தோல் துணைக்கு நிற்கும். இந்தத் தவளை ஆக்சிஜனுக்குப் பெரும்பாலும் நுரையீரலையே நம்புகிறது. பகலில் அசையாமல் கிடப்பதால் தேவையும் குறைவு.

தண்ணீர் விஷயத்திலும் இது வேறு மாதிரி. பொதுவாகத் தவளைகள் வாயால் குடிப்பதில்லை, ஈர மண்ணில் வயிற்றை வைத்து உறிஞ்சும். இது மழை பெய்யும்போது தலையை உயர்த்தி, மேலே விழுந்து வழியும் நீரை விழுங்கும்.

இனி எண்களுக்கு வருகிறேன். 1972இல் வாஹன் ஷூமேக்கரும் அவருடைய சகாக்களும் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தத் தவளையின் தோல் வழியாக ஆவியாகும் நீர், சாதாரணத் தவளைகள் இழப்பதில் பத்தில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்று வரைதான் என்று அதில் காட்டினார்கள். பாலைவனப் பல்லிகளோடு ஒப்பிடக்கூடிய அளவு. அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது, எனக்கு அதுதான் கூடுதல் வியப்பு. இந்தத் தவளை கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது.

அதில் என்ன பெரிதாக என்று கேட்கலாம். புரதம் செரித்தால் நைட்ரஜன் கழிவு வரும். மீனும் தலைப்பிரட்டையும் அதை அமோனியாவாகவே விட்டுவிடும், ஏனென்றால் சுற்றிலும் தண்ணீர். நிலத்துக்கு வந்த தவளைகளும் நாமும் அதை யூரியாவாக மாற்றுகிறோம், அதற்குக் குறைந்த தண்ணீர் போதும். ஆனாலும் அதைக் கரைத்து வெளியேற்றச் சிறுநீர் வேண்டும். பல்லியும் பறவையும் இன்னும் ஒரு படி மேலே போய் யூரிக் அமிலமாக்கிக் கிட்டத்தட்டக் கெட்டியாகவே வெளியேற்றிவிடுகின்றன. பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளையாக இருக்கிறதே, அது யூரிக் அமிலக் கழிவுதான். அந்த வித்தை பல்லிக்கும் பறவைக்கும் மட்டும்தான் என்று நினைத்திருந்த இடத்தில் ஒரு தவளையும் வந்து நின்றது. தோலை மட்டும் அடைத்துவிட்டுச் சிறுநீரில் தண்ணீரை வாரி இறைத்தால் பயனில்லை. இரண்டு ஓட்டையையும் சேர்த்தே அடைத்திருக்கிறது.

குளக்கரை:

நீர்க்கோழி அண்ணா, தடவிக்கொள்ளும் பழக்கம் நம் ஊர் மரத்தவளைக்கும் உண்டு. வீட்டுக் குளியலறையிலும் கிணற்றுச் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிறத் தவளை, எங்கள் பக்கம் தேரை என்றே சொல்வோம், பாலிபெடேட்டஸ் மாகுலேட்டஸ். 1997இல் அமெரிக்க ஆய்வாளர் ஹார்வி லில்லிவைட் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து அதன் தடவும் பழக்கத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சுரப்பியிலிருந்து வரும் திரவத்தைக் கைகாலால் உடம்பெங்கும் பரப்பி நீர் இழப்பைக் குறைக்கிறது என்று அதில் வருகிறது.

எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒன்று தங்கியிருந்தது. கோடையில் அது செய்வதைப் பார்த்து, உடம்பு அரிக்கிறது போல என்று அம்மா சொல்வார். முன்கால் தலைக்கு மேல் போய்வரும், பின்கால் முதுகைத் துடைக்கும். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதே வரிசை கண்முன் வந்தது.

நீர்க்கோழி:

குளக்கரை தம்பி, இந்தத் தகவலுக்காகவே இழை தொடங்கியது பலித்துவிட்டது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நம் மரத்தவளைக்கு நீர் இழப்பு குறைகிறது, அவ்வளவுதான். சாக்கோ தவளை அளவுக்குத் தோல் அடைபடுவதில்லை. பகலில் நம் ஆள் நிழலையும் ஈரச் சுவரையும் தேடிப் போவதே அதற்குச் சாட்சி.

சாக்கோ தவளைக்குச் சரியான ஜோடி வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே கைரோமாண்டிஸ் என்ற மரத்தவளை வறண்ட காலத்தில் வெயிலில் உட்காரும், நீர் இழப்பு மிகக் குறைவு, கழிவும் யூரிக் அமிலம். அது நம் பாலிபெடேட்டஸின் குடும்பம், சாக்கோ தவளைக்கு நெருங்கிய உறவே கிடையாது. இரண்டு கண்டங்களில், இரண்டு குடும்பங்களில், ஒரே பிரச்சினைக்கு ஒரே விடை தனித்தனியாக வந்திருக்கிறது.

வெயில் இன்னும் ஏறினால் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு சூடு ஏறட்டும் என்று விட்டுவிடும். காற்றின் வெப்பத்தோடு உடல் வெப்பமும் ஏறிக்கொண்டே போகும். மற்ற தவளைகள் செத்துவிடும் நிலை அது. சுமார் 40 டிகிரியை நெருங்கும்போதுதான் தோல் சுரப்பிகள் திறந்து வியர்வை மாதிரி நீரை விட்டு உடம்பைக் குளிர்விக்கும். சேமித்த தண்ணீரை உயிருக்கு ஆபத்து வரும் கட்டம் வரை தொடுவதே இல்லை.

பொன்வண்டு:

என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். குரங்கு மாதிரி நடக்கும் என்று எங்கோ பார்த்தாளாம், உண்மையா?

நீர்க்கோழி:

உண்மைதான். அர்ஜென்டினாவிலும் இதைக் குரங்குத் தவளை என்றுதான் சொல்கிறார்கள். தாவக்கூடியதுதான், ஆனால் தாவுவது அபூர்வம். முன்கையில் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக மடங்கும், அதனால் குச்சியைப் பிடிக்கும். ஒரு கை, எதிர்ப்பக்கக் கால், அடுத்த கை என்று நிதானமாகக் கிளைமேல் நடக்கும். விரலிடைச் சவ்வு கிடையாது. நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர், பெண் சற்றுப் பெரிது. இலைப்பச்சை உடம்பு, வாயோரத்திலிருந்து விலா வரை ஒரு வெள்ளைக் கோடு, கண்பாவை பூனைக்கு இருப்பது போலச் செங்குத்து. இரவில்தான் இரை தேடும், பூச்சி நெருங்கும்வரை காத்திருந்து பிடிக்கும்.

ஆய்வுக்கூடம்:

நான் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) வேதியியலில் வேலை செய்கிறவன். நீர்க்கோழி போதை, விஷம் என்று ஒதுக்கிய பக்கத்துக்காக வாதாட வந்திருக்கிறேன். இந்தத் தவளையின் தோல் வேதியியலுக்குக் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல.

இத்தாலிய மருந்தியலாளர் விட்டோரியோ எர்ஸ்பாமர், செரடோனின் கண்டுபிடிப்பில் பங்குள்ள அதே ஆள், பல பத்தாண்டுகள் உலகெங்கும் தவளைத் தோல்களைச் சேகரித்து அலசினார். 1980 வாக்கில் அவருடைய குழு இந்தத் தவளைத் தோலிலிருந்து 40 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்து, தவளையின் பெயராலேயே சவாஜின் என்று பெயரிட்டது. 1981இல் அமெரிக்காவில் வைலி வேல் குழு ஆட்டு மூளையிலிருந்து, மன அழுத்தத்தின்போது உடம்பை முடுக்கிவிடும் சிஆர்எஃப் என்ற ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்தது. அதில் 41 அமினோ அமிலங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொந்தக்காரர்கள் என்று உடனே தெரியும். பாலூட்டி மூளையின் ஹார்மோனுக்கு உறவான ஒன்று தவளைத் தோலில் முதலில் கிடைத்தது.

அதே 1981இல் இந்தத் தவளைத் தோலிலிருந்தே வந்தது டெர்மார்பின் என்ற இன்னொரு பெப்டைடு. ஏழே அமினோ அமிலங்கள். நரம்பு செல்லில் மார்ஃபின் போய் ஒட்டும் அதே இடத்தில் (ஏற்பியில்) ஒட்டுகிறது, வலியை அடக்குவதில் மார்ஃபினைவிடப் பல பத்து மடங்கு வீரியம். ஆனால் வேதியியலாளர்கள் அசந்துபோனது வேறு காரணத்துக்காக. அமினோ அமிலங்களுக்கு இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு, கையுறை மாதிரி ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. விலங்குகளின் புரதங்களில் எல்லாமே இடக்கை வடிவம் என்பது பாடம். டெர்மார்பினில் இரண்டாவதாக இருப்பது வலக்கை அலனின். விலங்கு பெப்டைடு ஒன்றில் அப்படி ஒன்று இருக்கும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு 1987இல் மரபணு வரிசையைப் பார்த்தபோது அங்கே எழுதியிருந்தது சாதாரண அலனினுக்கான குறிதான். அதாவது தவளை முதலில் இடக்கையாகவே கட்டிவிட்டு, பிறகு ஒரு நொதியை வைத்து அந்த ஒரே ஓர் இடத்தைத் திருப்பிவிடுகிறது. திருப்பாவிட்டால் அந்தப் பெப்டைடுக்கு வீரியமே இல்லை.

இன்னும் ஒன்று, இதே தோலிலிருந்து 1991இல் பிரான்சில் பிரித்தெடுத்த டெர்மாசெப்டின். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் சவ்வைக் கிழித்துக் கொல்லும்.

சித்திரைவெயில்:

வெளிநாட்டில் இருக்கும் என் சித்தி மகன் 'கம்போ' என்று தவளை விஷச் சிகிச்சைக்குப் போகிறானாம். கையில் சூடு வைத்து அதில் தவளைச் சாறு தடவுவார்களாம், உடம்பு சுத்தமாகும் என்கிறான். இந்தத் தவளைதானா அது?

ஆய்வுக்கூடம்:

இல்லை. அது அமேசான் காட்டு உறவுக்காரன், ஃபில்லோமெடுசா பைகலர். பெரு, பிரேசில் எல்லைப் பக்கத்து மாட்செஸ் போன்ற மக்கள் வேட்டைக்குப் போகுமுன் பயன்படுத்திவந்த வழக்கம். தோலில் சின்னச் சூடு வைத்து அதன்மேல் தடவுவார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கும், முகம் வீங்கும், வாந்தி கொட்டும். உடம்பு சுத்தமாவதால் வரும் வாந்தி இல்லை அது, குடலையும் ரத்தக் குழாயையும் நேரடியாகத் தாக்கும் பெப்டைடுகள் செய்யும் வேலை. மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. பிரேசில் 2004லேயே இதை மருந்து என்று விளம்பரம் செய்யத் தடை போட்டது. ஆஸ்திரேலியா 2021இல் ஆபத்தான விஷங்களின் பட்டியலில் சேர்த்துத் தடுத்தது. இதயக் கோளாறோ ரத்தக் கொதிப்போ இருந்தால் இன்னும் மோசம். தயவுசெய்து தம்பியிடம் பேசுங்கள், இன்றே பேசுங்கள்.

சித்திரைவெயில்:

நன்றி ஐயா. இதை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

பாலைமணல்:

குதிரைப் பந்தயக் கதையை யாரும் சொல்லவில்லையே. 2012இல் அமெரிக்காவில் பல மாநிலங்களில் 30க்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளின் மாதிரியில் டெர்மார்பின் சிக்கியது. வலி தெரியாமல் ஓடவைக்க ஊசி போட்டிருக்கிறார்கள். வழக்கமான சோதனையில் தெரியாமல் இருந்தது, டென்வரில் ஓர் ஆய்வகம் சோதனை முறையை மாற்றிய பிறகுதான் பிடிபட்டது.

நீர்க்கோழி:

அதில் தவளைக்குப் பங்கில்லை. அவ்வளவு குதிரைகளுக்கும் தவளையைப் பிழிந்து எடுக்க முடியாது, ஆய்வகத்தில் செய்த பொருளாகத்தான் இருக்கும் என்பது அப்போதே வந்த கருத்து. காலில் காயம் இருக்கும் குதிரைக்கு வலி தெரியாமல் போனால் அது எலும்பு முறியும்வரை ஓடும். அந்தக் கொடுமைக்குத் தவளையின் பெயர் ஒட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தம்.

வடகடல்:

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே இந்தத் தவளையை வீட்டில் வளர்ப்பவர்கள் நிறைய. நானும் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன், கூண்டில் பிறந்தவை. மேலே சூடு விளக்கு, நல்ல காற்றோட்டம், உலர்ந்த கிளைகள். தவளைதானே என்று ஈரமாகவே வைத்தால் தோல் புண்ணாகிச் செத்துவிடும். விளக்குக்கு அடியில் வந்து உட்கார்ந்து மெழுகு தடவுவதைத் தினமும் பார்க்கிறேன். கை வைக்கும்போது ஒன்று கவனித்தேன். தூங்கும்போது தொட்டால்கூட உடனே விழிக்காது.

நீர்க்கோழி:

வடகடல், நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வது எழுத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடும்போது தூக்கம் கலையாமல் இருக்கலாம். ஆனால் பூசிய மெழுகு கலையும். அது திரும்பச் சுரந்து, திரும்பத் தடவ வேண்டும். கூண்டைச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு எதற்கும் கை வைக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். காட்டில் பிடித்ததைக் கூண்டில் பிறந்தது என்று சொல்லி விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். இங்கே படிக்கும் யாருக்கும் வாங்கும் ஆசை வந்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வடகடல்:

ஏற்றுக்கொள்கிறேன், கை வைப்பது பற்றி மட்டும். வளர்ப்பே கூடாது என்பதில் உடன்பாடில்லை. இந்தத் தவளையின் இனப்பெருக்கத்தைக் கூண்டில் பார்த்துப் பலர் கற்றிருக்கிறார்கள்.

குளக்கரை:

இனப்பெருக்கம் என்றதும் கேட்கிறேன். நம் மரத்தவளை குளத்துக்கு மேலே நுரைக்கூடு கட்டும். இது?

நீர்க்கோழி:

இதற்கு நுரை கிடையாது, இலை. மழை பெய்து குட்டைகள் நிறைந்ததும் ஆண்கள் குட்டையோரப் புதர்களில் ஏறிக் குரல் கொடுக்கும். ஜோடி சேர்ந்ததும் ஆணைச் சுமந்துகொண்டு பெண், தண்ணீருக்கு நேர்மேலே தொங்கும் இலையைத் தேடிப் போகும். இலையின் இரு ஓரத்தையும் பின்கால்களால் உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே நடுவில் முட்டையிடும். பசை ஓரங்களை ஒட்டிவிடும், இலை ஒரு பொட்டலமாகிவிடும்.

இதிலும் தண்ணீர்க் கணக்குதான். பெண் முட்டைகளோடு முட்டையே இல்லாத வெறும் கூழ் உருண்டைகளையும் இடும். உள்ளே நீர் மட்டும்தான். பொட்டலத்தின் அடியிலும் மேலேயும் அவை அடைப்பாக நிற்கும், நடுவில் முட்டைகள். காய்ந்த காற்றில் முட்டைகளுக்கு வேண்டிய ஈரம் அந்த உருண்டைகளிலிருந்து கிடைக்கும். ஒரு வாரம் போல ஆனதும் தலைப்பிரட்டைகள் வெளிவந்து, பசை கரைந்து, கீழே உள்ள தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விழும்.

பாலைமணல்:

அழிவின் விளிம்பில் இருக்கிறதா?

நீர்க்கோழி:

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது 'கவலை குறைந்த' பிரிவில்தான் இருக்கிறது. பரந்த நிலப்பரப்பில் வாழ்வதால் அது சரியான மதிப்பீடுதான். ஆனால் காடு போகும் வேகத்தைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அர்ஜென்டினாப் பக்கம் சோயாவுக்காகவும், பராகுவே பக்கம் மாட்டு மேய்ச்சலுக்காகவும் சாக்கோவை மட்டமாக்குகிறார்கள். உலகில் காடழிப்பு மிக வேகமாக நடக்கும் இடங்களில் இது ஒன்று. அர்ஜென்டினா 2007இல் காடுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துக் காக்கச் சட்டம் போட்டது. அதன் பிறகும் வெட்டு நிற்கவில்லை. அமேசான் எரிந்தால் உலகமே பேசுகிறது, சாக்கோ என்ற பெயரே பலருக்குத் தெரியாது.

பொன்வண்டு:

இவ்வளவு வறட்சியைத் தாங்கும் தவளைக்கு மரம் போனால் என்ன ஆகும்? மேய்ச்சல் நிலத்திலும் மாட்டுக்குக் குட்டை வெட்டி வைப்பார்களே, அதில் முட்டையிடாதா?

நீர்க்கோழி:

குட்டையைச் சுற்றிப் புதரும் மரமும் விட்டிருந்தால் இடலாம். மொட்டையாக வெட்டிய கரையில் இலைக்கு எங்கே போகும்? தண்ணீருக்கு நேர்மேலே தொங்காத இலையில் கட்டினால் தலைப்பிரட்டைகள் தரையில்தான் விழும். அதனால் அங்கே மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் இல்லை. குட்டையோரத்து மரங்களை மட்டுமாவது வெட்டாமல் விடச் சொல்ல வேண்டும்.